மார்க்கெட்டிங் பணியாளர்களைப் பாண்டு எழுதி வாங்கி நிறுத்திவைக்க முடியுமா?

கேள்வி: பெங்களூரு ராஜாஜிநகரில் மசாலாப் பொடி, சத்துமாவு, தோசை மிக்ஸ் முதலியவற்றைத் தயாரித்து விற்கும் எங்கள் குடும்ப நிறுவனத்தில் 45 பேர் வேலை செய்கிறார்கள். மார்க்கெட்டிங் பிரிவில் இருந்த ஏழு பேரில் மூன்று பேர் கடந்த ஓராண்டில் விலகிவிட்டார்கள். ஏப்ரலில் ஒருவரை மட்டும் மாதம் 95,000 ரூபாய்க்குப் புதிதாக எடுத்தோம். இப்போது, நான்கு ஆண்டுகளாக டிஜிட்டல் விளம்பரங்களைக் கவனித்துவரும் பெண்ணும் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். 60,000 ரூபாயில் சேர்ந்தவருக்கு வருடம் தவறாமல் 8 சதவீதம் உயர்த்தி வந்திருக்கிறோம். பத்து நிமிடத்தில் மளிகை கொண்டுவந்து தரும் நிறுவனம் ஒன்று அவருக்கு 40 சதவீதம் கூடுதலாகத் தருகிறதாம். மாதம் ஒன்பது லட்சம் ரூபாய் விளம்பரத்துக்குச் செலவிடுகிறோம். தினமும் காலை பத்து மணிக்கு நானே டேஷ்போர்டைப் பார்த்து, ஓடாத விளம்பரங்களை நிறுத்தச் சொல்லும் அளவுக்கு அக்கறை காட்டுகிறேன். என் தம்பியும் டிசைன்களைப் பார்த்துத் திருத்தங்கள் சொல்கிறார். ஆனாலும் ஆட்கள் நிற்பதில்லை. அந்தச் சம்பளத்தை நானே கொடுத்து இவரை நிறுத்தலாமா? இனிச் சேருகிறவர்களிடம், மூன்று வருடத்துக்கு விலகக் கூடாது, விலகினாலும் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று பாண்டு எழுதி வாங்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெங்களூரு

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குச் சட்டத்திலேயே பெரும்பாலும் தெளிவான விடை இருக்கிறது. ஒருவர் சட்டப்படியான தொழில் எதையும் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், அந்தத் தடையின் அளவுக்குச் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆவது பிரிவில் சொல்கிறது. வேலையில் இருக்கும் காலத்தில் வேறு இடத்தில் வேலை செய்யாதே என்று கட்டுப்படுத்தலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1967-இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் வேலையை விட்ட பிறகும் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்னும் நிபந்தனை செல்லாது என்பதை 1980-இல் சூப்பரின்டெண்டென்ஸ் கம்பெனி வழக்கில் உறுதி செய்தது. ஆகவே நீங்கள் எழுதி வாங்க நினைக்கும் இரண்டாவது நிபந்தனை, முத்திரைத்தாளில் எழுதினாலும் வெறும் காகிதம்தான்.

மூன்றாண்டு நிபந்தனை சற்று வேறானது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுகளுக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதைப் படித்துவிட்டு உங்கள் நண்பர்கள் யாராவது இந்த யோசனையைச் சொல்லியிருக்கக்கூடும். அந்தத் தீர்ப்பில், பொதுத்துறை வங்கி ஒன்று ஓர் ஆளை எடுக்க வெளிப்படையான, செலவு மிகுந்த தேர்வுமுறையை நடத்தியே தீர வேண்டும் என்பது முக்கியமான காரணமாக இருந்தது; நேர்முகத் தேர்வில் பார்த்துப் பிடித்துப்போய் மறுநாளே ஆஃபர் லெட்டர் கொடுக்கும் தனியார் நிறுவனத்துக்கு அந்தக் காரணம் அப்படியே பொருந்தாது. ஒருவருக்காக நீங்கள் உண்மையிலேயே பணம் செலவிட்டுப் பயிற்சி கொடுத்திருந்தால், நியாயமான ஒரு தொகையைத் திரும்பக் கேட்கும் நிபந்தனையை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி எழுதிக்கொள்ளலாம். அதற்கு மேல் போக வேண்டாம். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வது, ரிலீவிங் லெட்டரைத் தராமல் இழுத்தடிப்பது போன்றவற்றைச் செய்யவே கூடாது.

பாண்டு வேண்டாம் என்பதற்குச் சட்டத்தைக் காட்டிலும் வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. திறமையுள்ளவருக்கு இந்த ஊரில் வேறு ஆஃபர் இருக்கும். பாண்டைப் பார்த்ததும் அவர் உங்கள் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடுவார். வேறு ஆஃபர் இல்லாதவர் கையெழுத்துப் போடுவார். நீங்கள் மூன்று ஆண்டுகளுக்குப் பிடித்து வைத்திருக்கப்போவது அந்த இரண்டாமவரைத்தான். நீங்கள் பயப்படுவது ஆள் போவதை மட்டும் அல்ல, அவரோடு வேலையின் விவரங்களும் போய்விடுமே என்பதையும் சேர்த்துத்தான் என்றால், அதற்கு வேறு வழிகள் உள்ளன. கூகுள் விளம்பரக் கணக்கு, மெட்டா பிசினஸ் கணக்கு, இணையதளப் பெயர்ப் பதிவு, வாட்ஸ்அப் பிசினஸ் எண் ஆகிய எல்லாம் நிறுவனத்தின் பெயரில், குறைந்தது இரண்டு பேருக்கு நிர்வாக உரிமையோடு இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். பல சிறு நிறுவனங்களில் இவை யாரோ ஒரு பணியாளரின் சொந்த ஜிமெயிலில் தொங்கிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளர் பட்டியல், கொள்முதல் விலை போன்றவற்றின் ரகசியத்தைக் காக்கும் நிபந்தனையை நீங்கள் தாராளமாக எழுதி வாங்கலாம். அதை நீதிமன்றமும் மதிக்கும்.

இப்போது சம்பளத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் தனித்தனியாகக் குறிப்பிட்டிருக்கும் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 60,000 ரூபாயில் சேர்ந்து, நான்கு முறை 8 சதவீத உயர்வு பெற்றவரின் இன்றைய சம்பளம் ஏறத்தாழ 81,600 ரூபாய். ஏப்ரலில் வந்தவருக்கு 95,000 ரூபாய். புதியவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் பழையவராகத்தான் இருந்திருப்பார். கற்றுக்கொடுப்பவருக்குக் கற்றுக்கொள்பவரைவிட 13,400 ரூபாய் குறைவு. அலுவலகத்தில் சம்பளம் ரகசியம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அது உங்களுக்கு மட்டும்தான் ரகசியம். 8 சதவீதம் என்பது கஞ்சத்தனம் அல்ல, உள்ளே இருப்பவரை உள்ளே கொடுத்த பழைய சம்பளத்தோடும், வெளியிலிருந்து வருபவரை வெளிச் சந்தையோடும் ஒப்பிடும் வழக்கத்தின் விளைவு அது. இந்த வழக்கம் இருக்கும்வரை, நியாயமான சம்பளம் வேண்டும் என்பவருக்கு ராஜினாமா ஒன்றுதான் வழி என்று நிறுவனமே சொல்லிக்கொடுக்கிறது.

வருடத்துக்கு ஒருமுறை, இன்கிரிமென்ட் கடிதம் தயாராவதற்கு முன்பு, ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வியை எழுப்பிக்கொள்ளுங்கள்: இவர் இன்று விலகினால், இதே வேலைக்கு வெளியிலிருந்து ஒருவரை எவ்வளவு கொடுத்து எடுப்போம்? அந்த எண்ணுக்கும் இவர் வாங்குவதற்கும் உள்ள இடைவெளியை, அவர் வாய்விட்டுக் கேட்பதற்கு முன்னால், ஓரிரு தவணைகளில் சரிசெய்யுங்கள். உங்கள் விஷயத்தில் அந்த இடைவெளி வருடத்துக்கு 1,60,000 ரூபாய் அளவில் இருந்தது. இப்போது ஆகப்போகும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆள் தேடித் தரும் ஏஜென்சிகள் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், கேட்பது பழைய வழக்கம். அனுபவம் வாய்ந்தவருக்கு அதற்கு மேலும் கேட்கிறார்கள், ஜிஎஸ்டி தனி. ஆள் கிடைத்து, அவர் நோட்டீஸ் காலம் முடித்து வந்து, உங்கள் வாடிக்கையாளரைப் புரிந்துகொள்ள நான்கைந்து மாதங்கள் ஆகிவிடும். அந்த மாதங்களில், மாதாமாதம் செலவிடும் ஒன்பது லட்சத்தில் பத்தில் ஒரு பங்கு தவறான இடத்தில் செலவானாலே, மேலே சொன்ன இடைவெளியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும்.

அப்படியானால் இவருக்கு இப்போது 40 சதவீதம் கொடுத்து நிறுத்திவிடலாமா என்றால், வேண்டாம் என்பதே என் கருத்து. ராஜினாமா கொடுத்த பிறகு வரும் உயர்வை, பிடித்து வைப்பதற்கான விலையாகத்தான் யாரும் பார்ப்பார்கள். மேலும், மீதமுள்ள நான்கு பேருக்கும் கடிதம் கொடுத்தால்தான் பணம் வரும் என்ற பாடத்தை அது கற்பிக்கும். ஆனால் அவரோடு உட்கார்ந்து அந்த ஆஃபரை நேர்மையாகக் கணக்கிட்டுப் பார்ப்பதில் தவறில்லை. இதுபோன்ற ஆஃபர்களில், நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு, அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதமாகக் காட்டப்படும் கிராஜுவிட்டி, இலக்கை எட்டினால்தான் கிடைக்கும் தொகை, முதலாண்டிலேயே விலகினால் திருப்பித் தர வேண்டிய சேரும் போனஸ், நான்காண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும் பங்குகள் என்று பலவும் ஒரே எண்ணுக்குள் அடங்கியிருக்கும். நிரந்தரப் பணியாளருக்குக் கிராஜுவிட்டி பொதுவாக ஐந்தாண்டு தொடர்ந்து வேலை செய்தால்தான் கிடைக்கும். கணக்குப் பார்த்த பிறகும் அந்த ஆஃபர் நல்லதாகவே இருந்தால், அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். புது நிறுவனத்தைக் குறை சொல்லி அவர் மனத்தைக் குழப்புவது உங்களுக்குச் சிறிதும் உதவாது.

சம்பளத்தைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறொரு வரி. தினமும் காலை பத்து மணிக்கு நீங்களே பார்த்து, ஓடாத விளம்பரங்களை நிறுத்தச் சொல்வதாக, அக்கறைக்கு எடுத்துக்காட்டாக, எழுதியிருக்கிறீர்கள். நான்கு பேர் போனதற்குச் சம்பளத்துக்கு இணையான காரணம் அந்தப் பத்து மணி என்றே நான் நினைக்கிறேன்.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களில் ஒரு புதிய விளம்பரத் தொகுப்பை யாரிடம் காட்டினால் பலன் கிடைக்கும் என்பதை அந்தத் தளத்தின் கணினி முறை முதலில் சோதித்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. அந்தக் கற்றல் கட்டத்தைத் தாண்ட ஒரு வாரத்துக்குள் ஏறக்குறைய 50 விற்பனைகளாவது, அல்லது எந்தப் பலனைக் குறிவைத்தோமோ அது 50 முறையாவது நடக்க வேண்டும் என்பது மெட்டா நிறுவனமே சொல்லும் அளவு. நடுவில் பட்ஜெட்டையோ, படத்தையோ, பார்க்கும் மக்கள் கூட்டத்தையோ பெரிதாக மாற்றினால் அந்தக் கற்றல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். திங்கட்கிழமை தொடங்கிய விளம்பரத்தைப் புதன்கிழமை காலை பார்த்து, காசு போகிறது, ஆர்டர் இல்லை, நிறுத்து என்று சொன்னால், போன பணம் போனதுதான். அதற்கு ஈடாகக் கிடைக்க வேண்டிய அறிவும் கிடைக்காது. இது உங்கள் பணியாளருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், முதலாளி சொல்கிறாரே என்று நிறுத்தியிருப்பார். மாத முடிவில், ஒன்பது லட்சம் செலவாகியும் விற்பனை ஏறவில்லையே என்ற கேள்விக்கும் அவரே பதில் சொல்லியிருப்பார்.

முடிவை ஒருவர் எடுத்து, விளைவுக்கு இன்னொருவர் பொறுப்பேற்கும் இந்த ஏற்பாடு எந்தத் துறையிலும் கசப்பானதுதான். மார்க்கெட்டிங்கில் அது ஒருவரின் எதிர்காலத்தையே பாதிக்கிறது. கணக்காளர் அடுத்த வேலைக்குப் போகும்போது அவருடைய தகுதியைச் சான்றிதழ் பேசும். மார்க்கெட்டிங் ஆளைப் பொறுத்தவரை, எந்தப் பொருளை எந்த நகரத்தில் எவ்வளவு செலவில் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குக் கொண்டுவந்தார் என்பதுதான் அவருடைய தகுதி. அப்படிச் சொல்லிக்கொள்ள முழுமையான ஒரு முயற்சிகூட உங்களிடம் கிடைக்கவில்லை என்றால், இங்கே கழியும் ஒவ்வோர் ஆண்டும் அவருக்கு நஷ்டக் கணக்கில்தான் சேரும். மிகவும் திறமையானவர்தான் அதை முதலில் உணர்ந்து கிளம்புவார். டிசைன்களில் உங்கள் தம்பி சொல்லும் திருத்தங்களையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பாக்கெட்டின் நிறத்தில் அவருக்கு நல்ல ரசனை இருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் குடும்பத்தில் யார் எப்போது வந்து எதை மாற்றுவார்கள் என்று தெரியாத இடத்தில் வேலை செய்வது, பிடிக்காத ஒரே முதலாளியிடம் வேலை செய்வதைவிடக் கடினம்.

மேற்பார்வையை நீங்கள் விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, பணம் உங்களுடையது. தினமும் பார்ப்பதை வாரத்துக்கு ஒருமுறையாக்கி, எந்த அளவு வரை அவர்களே முடிவெடுக்கலாம் என்பதை எழுத்தில் கொடுங்கள். மூத்தவர் ஒருவர் மாதம் இரண்டு லட்சம் வரை உங்களைக் கேட்காமல் செலவிடலாம், ஒரு விளம்பரத்தைத் தொடங்கிய பதினான்கு நாட்களுக்கு யாரும் தொடக் கூடாது, ஓர் ஆர்டரைப் பெற ஆகும் செலவு இன்ன அளவைத் தாண்டினால் மட்டும் உடனே உங்களிடம் வர வேண்டும் என்பதுபோல அந்த ஏற்பாடு இருக்கலாம். எதைக் கொண்டு வெற்றியை அளப்பது என்பதை முயற்சி தொடங்குவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். உணவுப் பொருள் விற்பனையில் இது மிகவும் முக்கியம், ஏனென்றால் டெலிவரி நிறுவனத்தின் கிடங்கில் சத்துமாவு தீர்ந்துபோய் ஒரு வாரம் விற்பனை படுத்தாலும் அந்த மாதக் கூட்டத்தில் விளம்பரப் பிரிவைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். டிசைன் விஷயத்தில் உங்கள் தம்பி ஒருமுறை, குறித்த நாளில், எல்லாத் திருத்தங்களையும் சேர்த்துச் சொல்லட்டும். அச்சுக்குப் போகும் நாளில் வேண்டாம். கன்னட விளம்பர வாசகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: குழுவில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் இருந்தால் அவர் சொல்வதே முடிவாக இருக்கட்டும், தமிழ்க் குடும்ப நிறுவனங்கள் பெங்களூரில் பலமுறை சறுக்கும் இடம் இது.

பதவி உயர்வுப் படிகளைப் பெரிய நிறுவனங்களைப் போல 45 பேர் உள்ள இடத்தில் அடுக்கிக் காட்ட முடியாது; காட்டினாலும் யாரும் நம்ப மாட்டார்கள். உங்களிடம் இருப்பது வேறு. அந்த டெலிவரி நிறுவனத்தில் உங்கள் பணியாளருக்கு ஏதோ ஒரு பகுதியின் விளம்பர வேலைதான் கிடைக்கக்கூடும். உங்களிடம் அவர் ஒரு பொருளை முழுவதுமாகக் கையில் எடுக்கலாம். விலை வைப்பது, பாக்கெட்டின் அளவு, எந்த ஊரில் முதலில் இறக்குவது, லாபம் எவ்வளவு என்பது வரை ஒரே ஆளின் பொறுப்பில் வரும் அனுபவம் பெரிய நிறுவனத்தில் எளிதில் வாய்க்காது. தோசை மிக்ஸைக் கோவைக்கோ ஹைதராபாத்துக்கோ கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், அதை இப்படி ஒருவரிடம் ஒப்படைத்துப் பாருங்கள். அவருக்குக் கீழே ஆட்கள் இல்லாவிட்டாலும் மேனேஜர் வாங்கும் சம்பளத்தைக் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

மற்றச் சலுகைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெள்ளிக்கிழமை பீட்சாவுக்காக யாரும் வேலையில் நீடித்ததில்லை. பெங்களூரில் வீட்டுக்காரர்கள் பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் நிலையில், அதற்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது உண்மையான உதவி. அதை மறைமுகப் பாண்டாக மாற்றிவிடாதீர்கள், விலகும்போது பாக்கியைக் கட்டிவிட்டுப் போகலாம் என்று இருக்கட்டும். விடுமுறையில் ஒரு விஷயம் உண்டு. யுகாதி, வரமகாலட்சுமி, ஆயுத பூஜை, தீபாவளி என்று மற்றவர்கள் ஊருக்குக் கிளம்பும் நாட்கள்தான் விளம்பரப் பிரிவுக்கு வேலை மிகுந்த நாட்கள். அந்த நாட்களில் வேலை செய்வதற்கு ஈடான விடுப்பை ஆண்டுத் தொடக்கத்திலேயே தேதி குறித்துக் கொடுத்துவிட்டால், பொங்கலுக்குச் சேலத்துக்கோ தருமபுரிக்கோ நான்கு நாள் போக வேண்டியவர் ஜனவரியில் உங்கள் அறை வாசலில் தயங்கி நிற்க வேண்டியிருக்காது.

இவ்வளவும் செய்தாலும் சிலர் போவார்கள். ராஜாஜிநகரில் பச்சைத் தட மெட்ரோவில் ஏறி ஆர்.வி. ரோடில் மாறினால், 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தடத்தில் எலக்ட்ரானிக் சிட்டி வரை போய்விடலாம்; வீடு மாற்றாமல், பிள்ளைகளின் பள்ளியை மாற்றாமல் இங்கே வேலையை மாற்ற முடிகிறது. மார்க்கெட்டிங்கில் ஒரு நல்ல ஆள் மூன்று, நான்கு ஆண்டுகள் உங்களிடம் இருந்தால் அதை நல்ல காலமாகவே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வேலையையும் இரண்டாவது ஆள் ஒருவரும் அறிந்திருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இது. முன்பு விலகிய மூவரையும் நீங்களே, மனிதவளப் பிரிவை அனுப்பாமல், தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். விலகும் நாளில் சொல்லாத காரணத்தைச் சில மாதங்கள் கழித்து மனிதர்கள் சொல்வதுண்டு. மீதமுள்ள நால்வரிடமும் தனித்தனியே, எந்த வேலை செய்யும்போது வேறு இடம் பார்க்கலாம் என்று தோன்றுகிறது என்று கேட்டு, வாதாடாமல் குறித்துக்கொள்ளுங்கள். விலகும் பெண்ணின் கடைசிச் சம்பளத்தை மாத இறுதிவரை இழுக்க வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். அவருடைய இடத்துக்கு வெளியில் விளம்பரம் கொடுப்பதற்கு முன், அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவரை அழைத்து அந்தப் பொறுப்பை ஏற்க விருப்பமா என்று கேளுங்கள். ஏற்றுக்கொண்டால், ஆறு மாதம் பார்த்துவிட்டு உயர்த்துகிறோம் என்று சொல்லாமல், வெளியாளுக்குக் கொடுக்க நினைத்திருந்த அதே சம்பளத்தைப் பொறுப்பேற்கும் மாதத்திலிருந்தே கொடுத்து, அதைக் கடிதமாகவும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.